துரையின் எடை

எங்கள் வீட்டில் அத்தையைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பூனையைப் பிடிக்காது. அப்பா அதைக் கண்டால் செருப்பைத் தேடுவார். அம்மா பாலை மூடிவைத்துவிட்டுத்தான் குளிக்கவே போவாள். எனக்கும் பிடிக்காது, பிறாண்டும். பின்னால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை. முப்பது தாண்டிவிட்டது என்பதை அவளைவிட மற்றவர்கள்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரு மழை நாளில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கால்வாயில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். சாம்பல் நிறம், பச்சைக் கண். துரை என்று பெயர் வைத்தாள். அவள் ஸ்கூட்டி சத்தம் தெருமுனையில் கேட்டதும் துரை கேட்டுக்கு ஓடுவான். மற்றவர்கள் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்க மாட்டான்.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் அம்மாளுக்கு அத்தை ஊசி போடப் போவாள். பதிலுக்கு அந்த அம்மாள் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொழுது போகாமல் படிக்கிறாள் என்றார்கள். அவளோ பரீட்சை எழுதி, அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் வாங்கிவிட்டாள். அதே சமயத்தில் அப்பா போளூர் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் மனைவி இறந்துபோன ஆள், ரைஸ் மில் வைத்திருந்தார். அத்தையைக் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

"ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வர்றாங்கம்மா."

"வரட்டும்ணா. காபி குடிச்சுட்டுப் போவட்டும். எனக்கு டூட்டி இருக்கு."

அவள் ஜெர்மனி போவதைவிட, பூனையோடு போகிறாள் என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. பெரியப்பா வேலை மெனக்கெட்டுக் கிளம்பி வந்து கேட்டார்.

"எனக்கே பாஸ்போர்ட் இல்ல. பூன போவுதாமே ஜெர்மனிக்கு?"

"நீங்களும் வாங்க பெரியண்ணா. கழுத்துல ஒரு ஊசி, அவ்ளோதான்."

அது அவ்வளவு சுலபமில்லை. ஆசிரமம் பக்கம் ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களின் நாய் பூனைகளுக்கு இந்த வேலையெல்லாம் செய்து பழகியவர். "நம்ம ஆளுங்க இதுக்குன்னு வர்றதே இல்லீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். முதலில் அடையாள எண் உள்ள, அரிசி மணி அளவு சிப் ஒன்றைக் கழுத்துத் தோலுக்குள் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஒரு மாதம் கழித்து, ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினார். அது சரியென்று வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அத்தை ஜெர்மன் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கெஞ்சி, வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைத்தாள். ஒரு தடவைதான் தள்ளுவோம், இனி தள்ளினால் வேலை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒவ்வொன்றையும் சாப்பிடும்போது எங்களிடம் சொல்வாள். யாராவது சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. ஒருநாள் சொன்னாள், துரையை விமானத்தில் தன் காலடியிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் கீழே பெட்டி படுக்கையோடுதான் அனுப்ப வேண்டும். அதற்குக் கெட்டியான கூண்டும் முன்கூட்டியே பதிவும் வேண்டும்.

"அந்த இருட்டுல அவன் பயந்தே செத்துடுவான். எங்கூடதான் வருவான்."

அப்பா சாதத்தைப் பிசைந்த கையை நிறுத்தினார். "ஜாஸ்தியா இருந்தா?"

"ஏத்த மாட்டாங்கண்ணா."

"ஓகோ" என்றவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். அத்தை டூட்டிக்குப் போனதும் சாத்தனூர் அணை மீன் வீட்டுக்கு வரும். தலை, வால், குடல் எல்லாம் துரைக்கு. சில நாள் முழு மீனே போகும். செருப்பைத் தேடிய மனிதர் குந்தி உட்கார்ந்து, முள் எடுத்து ஊட்டினார். "துரை, வாடா ராஜா" என்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அத்தகிட்ட சொல்லாத. நம்ம வூட்ட வுட்டுப் போற ஜீவன். நல்லா சாப்ட்டுட்டுப் போவட்டும்."

எங்கள் அப்பா எவ்வளவு நல்லவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? பௌர்ணமி அன்று எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். வாசலில் கிரிவலம் போகும் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போகிறது, அப்பா கொல்லையில் ஜிலேபி மீனை நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"பௌர்ணமியும் அதுவுமா இன்னாங்க இது?" என்றாள் அம்மா.

"வாயில்லா ஜீவன். புண்ணியம்டி."

அம்மா உள்ளே போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து அம்மாதான் உண்மையைச் சொன்னாள். போளூர்க்காரரிடம் அப்பா போனில் பேசியிருக்கிறார். "கொஞ்சம் பொறுங்க. பூனைய ஏத்த மாட்டானுங்க. அத வுட்டுட்டு அவளும் போவ மாட்டா." தெரிந்தும் நீ ஏன் அத்தையிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் இன்னாடி பண்றது, அவரு தங்கச்சி, அவரு வூடு" என்றாள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தைக்கோ குழப்பம். "அளந்துதானே போடறேன், ஏன் இப்படி ஊதறான்?" என்று துரையின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பாள். கடைசியாக டாக்டர் பையோடு சேர்த்து எடை போட்டபோது எட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் பூனைக்கான சான்றிதழுக்காகச் சென்னைக்கும் இங்கேயும் அலைந்தாள். வீட்டில் துரைக்கு மூன்று வேளையும் மீன்.

கிளம்புகிற அன்று வாசலில் கற்பூரம் ஏற்றிக் காருக்குச் சுற்றினார்கள். துரையின் நெற்றியிலும் விபூதி பூசினார் அப்பா. அத்தை அதைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பாவும் நானும்தான் அத்தையோடு காரில் போனோம்.

சென்னை விமான நிலையத்தில் எங்களை உள்ளே விடவில்லை. அத்தை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, துரை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கம்பிக்கு வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து, பையை மட்டும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் ஒரு காவலர் வந்தார்.

"எடை ஜாஸ்தியாம்ணா."

"அடடா" என்றார் அப்பா. "சரி வா, கார் நிக்குது. கூண்டு வாங்கி அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் வேல இருக்காது. ஒனக்குத் தெரியும் இல்ல?"

பையிலிருந்து மீன் வாசனை வந்தது. காரிலேயே துரை ஒருமுறை கக்கியிருந்தான். அத்தை வலைக்குள் ஒரு விரலை விட்டாள். அவன் நக்கினான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

"மேடம், சீக்கிரம்" என்றார் காவலர்.

"இனிமே மீன் போடாதண்ணா. அவனுக்கு ஆவாது."

அப்பா கையை நீட்டினார். அத்தை அந்தக் கையில் பையைக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் தரையில் வைத்தாள். என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

பிறகு ஊர் பேசியது. "பெத்த புள்ள மாதிரி வளத்தாளாம், வாசல்ல வச்சுட்டுப் போய்ட்டாளே, என்னா மனசு அவளுக்கு" என்றார்கள். பூனையை விட்டுவிட்டுப் போ, போ என்று மாதக்கணக்கில் சொன்ன அதே வாய்கள்தான். துரை எங்கள் வீட்டில் நாலைந்து வருஷம் இருந்து செத்தான். எந்த ஸ்கூட்டி சத்தம் கேட்டாலும் கேட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தான். அத்தை அங்கேயே இருக்கிறாள். என்னோடு பேசுவாள். அப்பாவைப் பற்றி விசாரிக்க மாட்டாள்.

அன்றைக்கு அத்தை உள்ளே போன பிறகும் அப்பா கிளம்பவில்லை. டிரைவர் போலாமா என்று கேட்கக் கேட்க, "இருப்பா, இரு" என்றார். பசிக்கிறது என்றேன். பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றார். கதவு திறக்கும்போதெல்லாம் ஓர் அடி முன்னால் போவார். வெளியே வருவது வேறு யாராவதாக இருக்கும். மதியம் ஒரு பெரிய விமானம் எங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்பா அண்ணாந்தார். அது புள்ளியாகும்வரை தலையை இறக்கவே இல்லை. நான் அதுவரை விமானத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எனக்குக் காட்டத்தான் இவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பாத்துட்டேம்ப்பா. போலாம்."