இரண்டு பீரியட் அகலம்

என் மனைவி வேதியியல் ஆசிரியை. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தாள். அங்கே டைம்டேபிள் போடும் வேலையும் அவள் தலையில்தான். நான் மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து ஜவுளிக்கடைக்கும் ரப்பர் நர்சரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பள்ளியின் இணையதளமும் என் வேலைதான். வாடிக்கையாளரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருப்பது எத்தனை தொல்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "லேப்புன்னா ரெண்டு பீரியட் சேந்ததுல்லா? நீங்க நடுவுல கோடு போட்டு ரெண்டு கட்டமா வச்சிருக்கிய. மொத மணி அடிச்ச உடனே பாதிப் பிள்ளைய எழும்பிப் போயிருது, கேட்டியளா. அடுத்த கட்டம் வேற பாடம்னு நெனச்சிருது."

பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்து எழும்பவில்லை, லேபிலிருந்து தப்பிக்கத்தான் எழும்புகிறார்கள் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

நான் 2004இல் தொழிலுக்கு வந்தபோது எல்லாவற்றையும் டேபிளாகப் போட்டோம். அப்புறம் டேபிள் போடுகிறவனைப் பட்டிக்காட்டான் மாதிரி பார்க்கிற காலம் வந்தது. கட்டங்களைத் தனித்தனியாகச் செய்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தினோம். அதில் ஒரு கட்டம் இரண்டு கட்டத்தின் இடத்தை எடுக்க வேண்டும் என்றால் நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். 2017இல் கிரிட் என்ற புது முறை வந்தது. முதலில் இணையப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட வேண்டும். பிறகு ஒரு கட்டத்துக்கு 'ஸ்பான் இரண்டு' என்று ஒரு வரி எழுதினால் அது பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். நெடுக்கிலும் அப்படித்தான். மதிய இடைவேளைக்கு 'ஸ்பான் ஐந்து' கொடுத்தேன். திங்கள் முதல் வெள்ளிவரை மேலிருந்து கீழாக ஒரே தூணாக நின்றது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல், ஐந்தாம் ஆறாம் பீரியட் சேர்ந்து ஒரே நீளக் கட்டம். உள்ளே 'வேதியியல் ஆய்வகம்', கீழே அவள் பெயர். அவள் பார்த்துவிட்டு, "இப்பதான் லேப்பு மாதிரி இருக்கு" என்றாள். மறுநாளே பள்ளியில் ஒரு சட்டமும் போட்டுவிட்டாள். பேஜில் இருப்பதுதான் டைம்டேபிள், வாய்ச்சொல் செல்லாது. ஆசிரியர்கள் தங்களுக்குள் பீரியடை மாற்றிக்கொண்டு பிறகு சண்டை போடுவது அதோடு நின்றது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் இறந்துபோனாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை அடக்கமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள். நான் பந்தலில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து புட்டும் பயறும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். எட்டாம் நாள் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டில் இருந்து என்ன செய்வது.

தலைமையாசிரியர் போன் செய்தார். "சாரே, தனித்தனிப் பீரியடெல்லாம் பிளஸ் ஒண்ணுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்க சார் பேர்ல மாத்திரும். லேப்பை மட்டும் இப்போதைக்கு எடுத்துரும். புது டீச்சர் வந்ததும் போட்டுக்கிடலாம்." சரி என்றேன். ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றினேன். லேப் கட்டத்தை அழித்தேன். பக்கத்தை ஏற்றிவிட்டு ரப்பர் நர்சரி வேலைக்குத் திரும்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை இயற்பியல் டீச்சர் போனில் வந்தார். என் மனைவிக்கு நெருங்கிய சிநேகிதி, என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, நீங்க பாத்துதான் போட்டியளா? எனக்க லேப்பு மதியத்துக்கு முன்ன வந்து கெடக்கு. பேஜைப் பாத்து நான் போய் நிக்கேன், பழக்கத்துல தமிழ் ஐயாவும் வந்து நிக்காரு. பிள்ளைய கெடந்து சிரிக்கி."

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிழமைகளுக்கும் இடைவேளைக்கும் மட்டும்தான் இன்ன கோட்டில் நில் என்று எழுதியிருந்தேன். பாடங்களுக்கு எத்தனை அகலம் என்பது மட்டும்தான், எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதவில்லை. அகலத்தை மட்டும் எழுதினால் அவை வரிசையாக வந்து காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவள் கட்டம் போனதும் பின்னால் இருந்த எல்லாம் இரண்டு இடம் முன்னால் வந்துவிட்டன. புதன் காலை செவ்வாய் மாலையானது. வெள்ளிக்கிழமைக் கடைசியில் இரண்டு பீரியட் காலி. ஏற்றும்போதே அதைப் பார்த்திருந்தேன், விளையாட்டுப் பீரியட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு வருஷம் தொழில் பார்த்தவன்.

அன்று முழுக்க அந்த ஒரே வேலைதான். ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கோட்டில் தொடங்கு, இந்தக் கோட்டில் முடி என்று எழுதினேன். இனி யாரை எடுத்தாலும் மற்றவர்கள் நகர முடியாது. செவ்வாயில் ஐந்தாம் ஆறாம் பீரியடுக்கு, கிழமையும் இடைவேளையும் எடுக்கும் கட்டங்களைச் சேர்த்து எண்ணினால் ஏழாம் கோட்டிலிருந்து ஒன்பதாம் கோடுவரை, ஒரு கட்டம் வைத்தேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பீரியட் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் சமாதானமானது. அந்த மாதத்தில் என் மனசு ஏதாவது ஆனது அந்த ஒரு தடவைதான்.

புது டீச்சர் வந்தார். தலைமையாசிரியர் பெயரை அனுப்பினார். சர்வர் கோளாறு என்று பதில் போட்டேன். அடுத்த வாரமும் கோளாறு. கட்டத்தில் வேறு பெயரை எழுத என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி இயற்பியல் டீச்சர். "அண்ணே, லேப்பு பூட்டிக் கெடக்கு. பேஜ்ல பேரு வராம அந்தப் புது டீச்சர்ப் பிள்ள தொறக்க மாட்டேங்கி. அவொ போட்ட சட்டம், அவொ போயாச்சுன்னு ஒடனே மாத்த எங்களுக்கும் மனசு வரல்ல. கணக்கு சார் ரெண்டு பீரியடையும் எடுத்து ஸ்பெஷல் கிளாஸ் நடத்துகாரு. பிப்ரவரியில பிராக்டிகல் இருக்கு. நாப்பது பிள்ளைய இன்னும் பியூரெட்டுக் குழாயக் கையில தொடல்ல."

சர்வர் கோளாறு என்று தொடங்கினேன்.

"சர்வரு ஒண்ணும் கோளாறில்ல அண்ணே. பேரைச் சொல்லுதேன், எழுதுங்க. நான் போனை வைக்க மாட்டேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தட்டினேன். பக்கத்தை ஏற்றினேன். அவர் பக்கம் பள்ளி மணி அடித்தது.

"வந்துட்டா?"

"வந்துட்டு."

"சரியாத் தெரியுதா?"

"தெரியுது" என்றேன். நீளக் கட்டத்துக்குள் வேறொரு பெயர் நன்றாகத்தான் தெரிந்தது. அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என் மைத்துனன்தான் எல்லோருக்கும் போன் செய்தான். அதற்குப் பிறகு விஷயம் தெரியாதவர் யாரும் இல்லாததால் நான் ஒருவரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை.

"டீச்சர்," என்றேன். "அவொ செத்துப்போயிட்டா."

"ஆமாண்ணே" என்றார். "செத்துப்போயிட்டா."