ஒரு சொட்டுத் தண்ணீர்

பெரம்பலூரில் நான் தாவரவியல் நடத்தும் கல்லூரி ஆய்வகத்தில், முதலாண்டு மாணவி சின்ன வெங்காயத்தை உரித்தாள். அந்த நெடியில் அம்மாவின் கை நினைவுக்கு வந்துவிட்டது. குரும்பலூரில் வெங்காயக் காட்டு வேலைக்குப் போய்வந்த கை.

அப்போது தங்கச்சிக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. “தண்ணி கேட்டா குடுத்துடாத, இன்னும் போவும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள். ஊரே அப்படித்தான் நம்பியது. எனக்கு எட்டு வயது. “அக்கா, ஒரு வாய்” என்று அவள் கேட்கக் கேட்க, சொம்பை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன். கண் குழிவிழுந்து, தோல் சுருங்கி, சாயங்காலம் அவள் உயிர் போய்விட்டது.

“உப்புத்தண்ணி விட்டதும் செல் சுருங்கிருச்சுங்க மேடம்,” என்றாள் மாணவி, வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தபடி.

“இப்ப நல்ல தண்ணி விடு.”

விட்டுவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தவள், “மறுபடி உப்பிருச்சுங்க மேடம்!” என்று சிரித்தாள்.

ஒரு சொட்டுதான் விட்டிருந்தாள்.