அமெரிக்க நாவலில் எங்கள் வீட்டு அடுப்பு

வால்தம்ஸ்டோ புத்தகக்கடையில் இன்று, முன்பு எனக்கு எழுத்து வகுப்பு எடுத்த பேராசிரியரைப் பார்த்தேன். அமெரிக்கர், பெயர்பெற்ற நாவலாசிரியர். புது நாவலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அதில் ஒரு தாய், போன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறாள்.

அது என் அம்மா. மாமா இறந்த செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து போனில் வந்த அன்று சோறு கருகிப்போனது. அன்றிலிருந்து அப்படித்தான். வகுப்பில் அதை நான் கதையாக எழுதியபோது, "நம்பும்படி இல்லை, வெட்டிவிடு" என்றவர் இவர்தான். நான் சாப்ட்வேர் எஞ்சினியர். பிழை என்றால் திருத்திவிடுவேன். வெட்டினேன்.

கையெழுத்து வரிசையில் நின்று, அது என் கதையில் இருந்ததல்லவா என்று நேரே கேட்டேன்.

"நீதான் வேண்டாமென்று வெட்டிவிட்டாயே" என்றார், சிரித்தபடி.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வெகுநேரம் அடித்தது.

"அடுப்பை நூத்திட்டு வந்திட்டன். சொல்லு, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையம்மா."

"அப்ப ஏன்ரா சமைக்கிற நேரத்திலை எடுக்கிறாய்?"

புத்தகத்தை நான் வாங்கவில்லை. வாங்கியவர்கள் யாராவது, நன்றி சொல்லும் பக்கத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.