செவ்வாயில் ஓய்வெடுக்கும் லெமூர்கள்

மருசுவா எட்டு வருஷமாகப் பீ பொறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஹென்னிங் அதை மாதிரி சேகரிப்பு என்பார். அம்பாசிம்புட்சி கிராமத்தில் யாரும் அப்படிச் சொல்லிச் சுற்றி வளைப்பதில்லை. காலை ஐந்தரைக்கு அவள் கால்சட்டையும் பிளாஸ்டிக் செருப்புமாக, இடுப்புப் பையில் சின்னச் சின்னக் குழாய்களுடன் கிளம்பும்போது, நெல் குத்தும் பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டு, "டாக்டரம்மா கிளம்பிட்டாங்க, வழி விடுங்கடி. வர்றப்போ மூக்கைப் பொத்திக்கலாம்" என்பார்கள்.

"பொத்திக்கோ. உன் புருஷன் பக்கத்துல படுக்கிறப்பப் பொத்தாத மூக்குதானே" என்று நிற்காமல் சொல்லிவிட்டுப் போவாள் மருசுவா.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். நடுவில் வெள்ளை மணல் மேல் நிற்கிற காடு. அரை நாள் நடந்தால் முடிந்துவிடும். அதற்குள் தொலைந்துபோக வெள்ளைக்காரர்களால் மட்டும்தான் முடியும்.

அந்தக் காட்டில், குரங்கு ஜாடையில் நரி மூஞ்சியோடு மரத்துக்கு மரம் தாவும் பழுப்பு லெமூர்கள் முப்பத்தொன்று இருந்தன. டாக்டரின் ஏட்டில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணும்தான். மருசுவா தன் சொந்தபந்தங்களின் பெயரை வைத்திருந்தாள். கூட்டத்தை ஆட்டிப் படைக்கும், கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டிய பெண் லெமூருக்கு மாமியார் பெயர். அடுத்தவன் கையிலிருக்கும் பழத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டு, கீழே நிற்கிறவர் தலையில் குறி பார்த்து மூத்திரம் பெய்யும் ஆண் லெமூருக்கு பெர்த்தேன். அது, கிராம்பு வியாபாரியின் தங்கையோடு நகரத்துக்கு ஓடிப்போன அவளுடைய புருஷனின் பெயர். புருஷன் ஓடிய பிறகு ஊரில் எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பீ பொறுக்கப் போனாள். பரிதாபம் நின்று கேலி வந்தது. கேலி பரவாயில்லை, பதிலுக்குக் கேலி செய்துகொள்ளலாம்.

வேலை என்னவோ சுலபம் மாதிரித்தான் தெரியும். லெமூர்கள் போடும் பீயைக் குழாயில் அள்ளுவதோடு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, தாளில் ஓர் எண் போட வேண்டும். தின்றால் ஒன்று, நகர்ந்தால் இரண்டு, ஓய்வெடுத்தால் மூன்று, ஒன்றுக்கொன்று பேன் பார்த்தால் நான்கு. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு நாளைக்கு நூற்று இருபது எண். வருஷத்தில் பாதி நாள் மழை. அண்ணாந்தால் கண்ணில் தண்ணீர், குனிந்தால் காலில் அட்டை. லெமூர் ஒரு தாவில் தாண்டுகிற சதுப்பை அவள் இடுப்பளவு சேற்றில் கடந்து போவதற்குள் அது திரும்பி இந்தப் பக்கம் வந்திருக்கும். புயலில் மரம் சாய்ந்த வருஷம் கூட்டத்தைத் தேடிப் பதினொரு நாள் அலைந்தாள். பன்னிரண்டாம் நாள் போட்ட ஒவ்வொரு எண்ணையும் கண்ணால் பார்த்துத்தான் போட்டாள். மருசுவாவின் தாளில் ஒன்று என்று இருந்தால் அது ஒன்றுதான். அந்தப் பெயரைத்தான் அவள் எட்டு வருஷமாகச் சம்பாதித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு கதை.

செவ்வாயில் காட்டுக்குள் போய் வேலை செய்வது அந்தக் கிராமத்துக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதும் ஆகாது. முதலில் இருந்த ஆராய்ச்சிக்காரர் செவ்வாயைக் காலியாக விட்டுவிடச் சொன்னார். அவருக்குப் பிறகு வந்தவர்தான் ஹென்னிங். வருஷத்தில் பத்து மாதம் தன் நாட்டிலும் இரண்டு மாதம் இங்கேயும் இருப்பார். இங்கே இருக்கும் இரண்டு மாதத்தில் ஒரு மாதம் வயிற்றுப்போக்கு. நகரத்து மிஷனரிப் பள்ளியில் அந்த ஊர் மொழி கற்றதால் எதைச் சொன்னாலும் பிரசங்கம் மாதிரிதான் சொல்வார்.

"காலி இடங்களைக் கணினி ஏற்பதில்லை, மருசுவா. ஒவ்வொரு கட்டமும் நிரப்பப்பட வேண்டும். இல்லையேல் அந்த வாரம் முழுவதையும் நான் நீக்க நேரிடும்."

ஒரு செவ்வாய்க்காக ஆறு நாள் மழையும் அட்டையும் குப்பைக்குப் போகும் என்பது மட்டும் மருசுவாவுக்குப் புரிந்தது. அவளோடு வேலை செய்த சித்தி மகன் தொம்புலாஹிதான் வழி சொன்னான்.

"மூணு போட்டுரு அக்கா."

"பாக்காம எப்படிடா போடுறது?"

"நாம செவ்வாய்க்கிழமை என்ன பண்றோம்? படுத்துக் கெடக்கோம். அதுகளும் படுத்துக் கெடக்கட்டும். உனக்கென்ன நஷ்டம்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாய் மத்தியானம் மரவள்ளிக் கீரையும் சோறும் தின்றுவிட்டுப் பாயில் உட்கார்ந்து, தாளில் நூற்று இருபது மூன்று போடுவாள். கை வலிக்கும். ஊருக்கே விஷயம் தெரியும். புருஷன் எழுந்திருக்காமல் கிடந்தால், "என்ன, மூணா?" என்று பெண்கள் கேட்கும் அளவுக்குத் தெரியும். ஹென்னிங்குக்கு மட்டும் தெரியாது. செவ்வாய்தோறும் அவர் சிக்னல் கிடைக்கும் மணல்மேட்டில் ஏறி நின்று, தன் பல்கலைக்கழகத்தோடு மணிக்கணக்கில் போனில் கத்திக்கொண்டிருப்பார். நாங்கள் ஊரிலிருந்து நேராகக் காட்டுக்குப் போய்விடுகிறோம் என்று தொம்புலாஹி சொல்லிவைத்திருந்தான்.

மூன்று வருஷம் போனது. ஒரு ஜூலையில் ஹென்னிங் படகிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு படத்தை விரித்துப் பிடித்திருந்தார். மருசுவாவின் எண்களை வைத்து வரைந்த, மலை மலையாக ஏறி இறங்கும் கோடு. ஆனால் ஏழு நாளுக்கு ஒரு முறை தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது.

"ஏழாம் நாள் ஓய்வு!" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஆறு நாட்கள் உண்ணும் பழங்களின் நஞ்சு இவற்றின் குடலில் சேர்கிறது. ஏழாம் நாள் இவை உபவாசம் இருக்கின்றன. உலகில் எவரும் இதுவரை கண்டதில்லை!"

தொம்புலாஹிக்கு இருமல் வந்தது, காயல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மருசுவாவுக்கு இருமல் வரவில்லை. ஹென்னிங் அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து திருமதி ஓல்சன் என்ற அம்மா வருகிறார். ஏழாம் நாள் ஓய்வைத் தன் கண்ணால் பார்த்துப் படம் எடுக்கப்போகிறார். வருகிற செவ்வாய்க்கிழமையே.

அந்த ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை. வேலை போகும், தொம்புலாஹிக்கும் போகும், அது ஒரு பக்கம். செவ்வாய் பொய் என்று தெரிந்தால் திங்களை யார் நம்புவார்கள்? புதனை யார் நம்புவார்கள்? பன்னிரண்டாம் நாள் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அழுதுகொண்டே போட்ட எண்கள்கூடப் பாயில் உட்கார்ந்து போட்டவையாகிவிடும்.

திங்கள் காலை முகாமுக்குப் போனாள். ஹென்னிங்கின் கால் கட்டைவிரலில் மணல்தெள்ளுப் பூச்சி புகுந்து முட்டை வைத்திருந்தது. ஊக்கால் அதைத் தோண்டி எடுக்க இவளைத்தான் கூப்பிடுவார். அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓடிவிட முடியாத நிலையில் மனுஷன் இருப்பது நல்லதுதான் என்று தோன்றியது.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை நாங்க காட்டுக்குள்ள போறதில்ல."

"போவதில்லையா?"

"எங்களுக்கு ஆகாது. முப்பாட்டன் காலத்துல இருந்தே ஆகாது. அந்த மூணெல்லாம் நான் வீட்டுல உக்காந்து போட்டது. எல்லாம் பொய்."

ஊக்கு உள்ளே இறங்கியது. ஹென்னிங் கத்தவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"முப்பாட்டன் காலம் என்றால் எத்தனை தலைமுறை இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நான் பொய் எழுதினேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன் டாக்டர்."

"வேறு நாள் இல்லாமல், குறிப்பாகச் செவ்வாய்!" அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முட்டைப் பையில் பாதி உள்ளேயே நின்றது. "உங்கள் முன்னோர்கள் இக்காட்டைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள், மருசுவா. லெமூர்கள் ஓய்வெடுக்கும் நாளைக் கண்டு, தாங்களும் அந்நாளில் காட்டுக்குள் செல்வதை நிறுத்தியிருக்கிறார்கள்! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

"நான் பாக்கவே இல்ல டாக்டர்!"

"நீங்கள் பொய் என்று எண்ணி எழுதியது உண்மையாக இருக்கிறது. உங்களுக்கே அது தெரியவில்லை." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் வழக்கத்தை நான் மதிக்கிறேன். நாளை நீங்கள் வர வேண்டாம். நாங்களே செல்கிறோம். கருவிகள் இருக்கின்றன."

உண்மையைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்காமல் திரும்புவது அவமானமாக இருக்கும் என்று மருசுவாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஹென்னிங்கும் திருமதி ஓல்சனும், மாமியாரின் பட்டையைத் தேடும் ஆண்டெனாவும் காமிராவும் ஆளுக்கொரு தொப்பியுமாகக் காட்டுக்குள் போனார்கள். பத்தரைக்கு உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. பதினொன்றுக்கு அதே விசில் வேறு திசையில் கேட்டது. பன்னிரண்டுக்கு மூன்றாவது திசையில், கொஞ்சம் பலவீனமாக.

ஊர் காட்டோரத்தில் கூடிவிட்டது. யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

"வட்டமாச் சுத்துறாங்க" என்றான் தொம்புலாஹி.

"சுத்தட்டும். நாளைக்குப் புதன். போய்க் கூட்டிட்டு வரலாம்" என்றாள் ஒருத்தி.

"அந்தம்மாவுக்கு வயசாச்சுடி. நாளைக்குள்ள பொணமாயிடும். அப்புறம் பொணத்தை எடுக்கிறது வேலையா இல்லையான்னு கேட்டு நிக்கணும்" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் குலத்தலைவரைப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்த புகையிலையை இடம் மாற்றினார்.

"ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்குக் கூலி உண்டா?"

"கெடையாது" என்றாள் மருசுவா.

"கூலி இல்லேன்னா வேலை இல்ல. சும்மா நடந்துட்டு வர்றது. போயிட்டு வா. பீ பொறுக்காதே, எதையும் எழுதாதே. அதுக்குக் கூலி வாங்குறே, அது வேலை."

மருசுவா உள்ளே போனாள். தொம்புலாஹி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தான். இத்தனை வருஷத்தில் செவ்வாய்க்கிழமைக் காட்டை அவள் பார்த்ததே கிடையாது. வெளிச்சம், மணல், அழுகிய பழ வாடை எல்லாம் மற்ற நாள் போலத்தான் இருந்தன. அதுகள் ஒருவேளை படுத்துக்கிடந்தால்? அந்தப் பைத்தியக்காரர் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால்? இருக்கக் கூடாதா? இருந்தால் எல்லாத் தாளும் தப்பிக்கும். அவளும் பொய்க்காரி இல்லை. படுத்துக்கிடங்கடா, இன்னிக்கு ஒரு நாளாவது படுத்துக்கிடங்கடா என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

முதலில் கேட்டது கொட்டை உடையும் சத்தம். பிறகு மாமியாரின் உறுமல். கூட்டம் முழுவதும் ஒரே மரத்தில் ஏறிக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரித் தின்றுகொண்டிருந்தது. அதே மரத்தடியில், காட்டின் ஓரத்திலிருந்து முந்நூறு அடிகூட இல்லாத தூரத்தில், ஹென்னிங்கும் திருமதி ஓல்சனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா காமிராவைத் தூக்கி அண்ணாந்தார். மேலே பெர்த்தேன் காலை அகட்டினான்.

மருசுவா ஹென்னிங்கின் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளையும் பென்சிலையும் எடுத்தாள்.

"எழுதாதே அக்கா!" தொம்புலாஹி கத்தினான். "எழுதினா வேலையாயிடும்!"

"ஆகட்டும்."

"குலத்தலைவர் பரிகாரத்துக்குச் சேவல் கேப்பாரு!"

"குடுக்கிறேன். என் சேவல்."

மணி பன்னிரண்டு ஐம்பது. ஒன்று என்று போட்டாள். ஐந்து நிமிஷம் பொறுத்து, ஒன்று. அப்புறம் இரண்டு. மறுபடி ஒன்று. திருமதி ஓல்சன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டும், ஹென்னிங் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டும் இருக்க, ஒரு மணி நேரம் நின்று பன்னிரண்டு எண் போட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், 'பெர்த்தேன் அம்மா மேல் மூத்திரம் பெய்தான். செவ்வாய்க்கிழமை' என்று எழுதித் தாளை நீட்டினாள்.

"பாத்தீங்கல்ல டாக்டர்?"

"பார்த்தேன்." ஹென்னிங் மெல்லத் தலையாட்டினார். நிஜமான வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது. "விசில், காமிரா, மனித வாடை. நாம் இவற்றின் ஓய்வைக் கலைத்துவிட்டோம். இவை பதற்றத்தில் உண்கின்றன."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பன்னிரண்டு எண்களின் மேலும் குறுக்காக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'இடையூறு' என்று எழுதினார். திருமதி ஓல்சனிடம் அவர் மொழியில் என்னவோ சொன்னார். அந்த அம்மாவும் முகத்தைத் துடைத்தபடி, தன்னால் ஒரு பிராணியின் உபவாசம் கெட்டுப்போன குற்ற உணர்ச்சியோடு தலையாட்டினார்.

சேவல் வியாழக்கிழமை அறுபட்டது. மருசுவாவிடம் இருந்ததிலேயே பெரியது. முன்னோர்களிடம் குலத்தலைவர் மன்னிப்புக் கேட்டார், எல்லோரும் தின்றார்கள், தொம்புலாஹி தொடையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தத் தாள் வேண்டும் என்று மருசுவா ஹென்னிங்கிடம் கேட்டிருந்தாள். ஞாபகார்த்தத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பணம் வந்தது. வேலை நிலைத்தது. ஆறு நாள் தாளில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு மருசுவா செவ்வாயில் மூன்று போடவில்லை. காலியாகவே அனுப்பினாள். வாரம் முழுவதையும் நீக்கிவிட்டேன் என்று கடிதம் வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு மாதம் காத்திருந்தாள்.

கடிதம் வந்தது. தொம்புலாஹி படித்துக் காட்டினான். செவ்வாயைப் பற்றி மருசுவா இனிச் சிரமப்பட வேண்டாம். அன்று லெமூர்கள் என்ன செய்கின்றன என்பது இப்போது உறுதியாகிவிட்டதால், காலிக் கட்டங்களைக் கணினி தானாகவே மூன்று என்று நிரப்பிக்கொள்கிறது.

"பாத்தியா அக்கா, கை வலி மிச்சம்" என்றான் தொம்புலாஹி.

மருசுவா சுவரைப் பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட தாளை ஓலைத் தடுப்பில் குத்தி வைத்திருந்தாள். எட்டு வருஷத்தில் அந்தக் காட்டைப் பற்றி எழுதப்பட்ட ஒரே நிஜமான செவ்வாய்க்கிழமை.

"ஒரு சேவல் போச்சுடா" என்று சொல்லிவிட்டு, குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அன்று புதன்.