கிலுகிலுப்பை இல்லாத பாம்பு

போன ஆண்டு ஆடி மாதம், மலேசியாவின் ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அம்மன் கோயிலில் நடந்தது இது.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். யூடியூப்பில் பாம்பு ஆவணப்படம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகள் என்றால் கேட்கவே வேண்டாம். மணலில் ஒரு வகை, பாறையில் ஒரு வகை, சதுப்பு நிலத்தில் ஒரு வகை. கிட்டப் போனால் வாலை ஆட்டிச் சடசடவென்று எச்சரிக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி. அதை வைத்து இருட்டிலும் உடல் சூட்டைக் கண்டுகொள்ளும். "மத்த வீட்டுல நாடகம் ஓடுது, நம்ம வீட்டுல பாம்பு ஓடுது" என்று கணவர் கிண்டல் செய்வார். நான் சத்தத்தை இன்னும் கூட்டி வைப்பேன்.

அந்த வாரம் கோயில் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு பாம்பு வந்து சுருண்டுகொண்டது. கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டை, முக்கோணத் தலை. நாள்கணக்கில் அசையவில்லை. அம்மனே வந்துவிட்டாள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவ, பாலும் முட்டையுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. குழிவிரியன். கிலுகிலுப்பைப் பாம்புக்குச் சொந்தம்தான். குழி உண்டு, கிலுகிலுப்பை மட்டும் கிடையாது. இரை பக்கத்தில் வரும்வரை இப்படித்தான் அசையாமல் கிடக்கும். தீயணைப்புப் படையான பொம்பாவைக் கூப்பிட்டால் வந்து பிடித்துப் போவார்கள் என்று கோயில் தலைவரிடம் சொன்னேன்.

"சாமி விஷயத்துல யூடியூப்ப கொண்டு வராதம்மா. கடிக்கிறதா இருந்தா எப்பவோ கடிச்சிருக்கும் லா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை பூசையில் பாம்புக்கே தீபாராதனை காட்டுவது என்று முடிவானது. தட்டை ஏந்தியவள் என் நாத்தனார். கல்யாணம் நிச்சயமான பெண் காட்டினால் விசேஷம் என்றார்கள். கற்பூரச் சுடர் பாம்பின் முகத்தருகே போனது. சூட்டைத் தேடுகிற பிராணிக்கு முன்னால் நெருப்பு, அதற்குப் பின்னால் இவள் விரல்கள். பாம்பின் கழுத்து மெல்லப் பின்னுக்கு வளைந்தது. கொத்துவதற்கு முந்தைய வளைவு; படங்களில் எத்தனையோ தடவை பார்த்தது.

நான் யாரிடமும் கேட்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். தட்டின் விளிம்பில் 'டிங்' என்று ஒரு சத்தம். கற்பூரம் தரையில் விழுந்து எரிந்தது.

"அலமாக்" என்று பதறினார் யாரோ. பாம்பு கொத்திய பித்தளை விளிம்பில் விஷ ஈரம் மெல்ல வழிந்தது.

"அண்ணி, என் கை அங்கதான் இருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

"அம்மனாவே இருக்கட்டும் தலைவரே. எட்ட நின்னு கும்பிடுவோம்" என்றேன். யாரும் கிட்டப் போகாதபடி மரத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியது அவரேதான். சில நாளில் பாம்பு தானாகச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு நாத்தனாரின் அந்தக் கைக்கு நான்தான் மருதாணி வைத்தேன். எங்கள் ஊர்ப் பாம்புக்கு எச்சரிக்க வாலில் ஒன்றும் இல்லை. அதனால் விஷயம் தெரிந்தவர்தான் சத்தம் போடவேண்டும், யார் முகம் சுளித்தாலும் சரி என்று அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.