அத்தைக்கு நான் போட்ட தப்பு

எனக்கு ஒன்பது வயதிலேயே டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. மாணவி ஒரே ஒருத்திதான், அப்பாவின் தங்கை. முத்தியால்பேட்டையில் எங்களோடு இருந்த அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று தெருவில் பெயர். ஆனால் படித்தது தமிழ் மீடியம். நானோ இங்கிலீஷ் மீடியத்தில் நான்காம் வகுப்பு. எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், அதற்காகச் சென்னைக்குப் போய் ஒரு சனிக்கிழமை இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போகிறேன் என்றும் அத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பாஸான பிறகு அப்பாவிடம் அவளே சொல்லிக்கொள்வாளாம். ஏனென்றால் அப்பா அவளுக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு சம்பந்தம் பார்த்து முக்கால்வாசி முடித்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை ஆண்ட காலத்திலிருந்தே பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். பிரான்சில் இருந்த மாப்பிள்ளைக்கு நாற்பத்து மூன்று வயது, முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். எப்படி இறந்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் அத்தை போவாள், அவள் பின்னால் நாங்கள் ஒவ்வொருவராகப் போய்விடலாம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் டீச்சர் விளையாட்டு விளையாடுவதாகத்தான் வீட்டில் நினைப்பு. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு என்ன பாடமோ அதை அப்படியே சாயங்காலம் அத்தைக்கு நடத்துவேன். அந்த வாரம் ‘கிவ்’ வந்தது. கிவ் என்றால் கொடு. பின்னால் ஒரு குட்டி வார்த்தை சேர்ந்தால் ஆளே மாறிவிடும். கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் பணிந்துபோ. கிவ் அவுட் என்றால் எல்லோருக்கும் வினியோகி. கிவ் அவே என்றால் இலவசமாகக் கொடுத்துவிடு. எங்கள் மிஸ் சொன்னது இவ்வளவுதான். ஆகவே உலகத்தில் இருப்பதும் இவ்வளவுதான் என்று நம்பினேன்.

“நம்மகிட்டயும் இருக்குதே பாப்பா,” என்றாள் அத்தை. “அவன் பின்னாடி ஒட்டுறான், நாம முன்னாடி ஒட்டுறோம். சொல்லிக்குடு, விட்டுக்குடு, தூக்கிக்குடு. காட்டிக்குடுன்னு கூட ஒண்ணு இருக்குது. அது உனக்கு வேணாம்.”

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று ஸ்கேலால் கட்டிலைத் தட்டினேன். நாலுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, சொந்த வாக்கியமாக இருக்க வேண்டும் என்று எங்கள் மிஸ் குரலிலேயே சொன்னேன். அத்தை நீண்ட நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்.

நர்ஸ் வேலையை நான் கைவிட மாட்டேன். அண்ணன் பணிய மாட்டார், நானும் பணிய மாட்டேன். சனிக்கிழமை சென்னையில் கேள்வித்தாள் கொடுப்பார்கள். இந்த மூன்றுக்கும் டிக் போட்டேன். நாலாவது, ‘ப்ளீஸ் டூ நாட் கிவ் மீ அவே.’ சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டேன். பழைய துணியைத்தான் அப்படிக் கொடுப்பார்கள், ஆளைக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன்.

“முடியாதா டீச்சர்?”

“முடியாது.”

அத்தை சிரித்தாள். நாலுக்கு மூணு என்று போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்கா கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அத்தை உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். இவள்தான் அத்தைக்கே இங்கிலீஷ் டீச்சர் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கு அது போதாதா? ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். பிரெஞ்சு வீட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று அவர் சொன்னதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, சுத்தமான தமிழில் அர்த்தமும் சொன்னேன். என் மாணவி எப்படிப்பட்ட தப்பெல்லாம் செய்கிறாள் என்று காட்டத்தான் நாலாவதையும் படித்தேன். “என்னைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.”

நான் மட்டும்தான் சிரித்தேன். கதவருகே அத்தை காபித் தட்டோடு நின்றிருந்தாள். பரீட்சை பற்றி மூச்சு விடமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். நோட்டில் இருந்ததைத்தானே படித்தேன்?

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “சனிக்கிழம சென்னையில என்னா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மாள் காபியை முழுக்கக் குடித்துவிட்டு, கல்யாண நாளைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அன்று இரவே அத்தையின் பாஸ்போர்ட் அப்பாவின் பீரோவுக்குப் போனது. பத்திரமாக இருக்கட்டும் என்றார். பாஸ்போர்ட் இல்லாமல் பரீட்சைக் கூடத்துக்குள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை காலை அத்தை குருசுக்குப்பத்து மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்களா என்று நான் கேட்டேன். கொடுத்திருப்பார்கள் என்றாள்.

அத்தையின் பின்னால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் பிரான்சுக்குப் போகவில்லை. அவளே இந்தப் பதினான்கு வருடத்தில் இரண்டு முறைதான் வந்தாள். அங்கே அவள் யாருக்கும் ஊசி போடுவதில்லை, மாமியாருக்கு மட்டும் சர்க்கரைக்குப் போடுகிறாள். அப்பா இன்றைக்கும் தங்கையைக் கரைசேர்த்த கதையை எல்லோருக்கும் சொல்கிறார். அப்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். எனக்கு அவர்மேல் கோபம், அதைவிட என்மேல். கிவ் அவே என்பதற்கு இன்னும் இரண்டு அர்த்தம் உண்டென்று பத்தாம் வகுப்பில்தான் படித்தேன். ஒன்று, காட்டிக்கொடுப்பது. இன்னொன்று, மாதா கோயிலில் கல்யாணப் பெண்ணைக் கைப்பிடித்து நடத்திப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது.

கல்யாணத்தன்று கோயிலில் நான் பூக்கூடையோடு முன்னால் நடந்தேன். தாத்தா இல்லாததால் அப்பாதான் அத்தையின் கையைப் பிடித்து நடத்திவந்து, பீடத்துக்கு முன்னால் அந்தக் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அத்தை குனிந்து என் காதருகே வந்தாள். திட்டப்போகிறாள் என்று பயந்தேன்.

“டீச்சர், நாலாவதுக்கும் டிக் போட்டுடு. ஆளையும் குடுக்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் புது கவுனைக்கூடக் கழற்றாமல் நோட்டைத் தேடி எடுத்தேன். தப்பை அடித்துவிட்டு டிக் போட்டேன். நாலுக்கு நாலு என்று திருத்தி, கீழே வெரி குட் என்று எழுதினேன். என் மாணவி முழு மார்க் வாங்கிவிட்டாள் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.