ஆமத்தூரில் நின்ற மோட்டார் சைக்கிள்

காலை பத்தரை மணிக்கு விருதுநகரிலிருந்து புறப்பட்டோம். சிவகாசிக்குப் பதினாறு மைல். பஸ் பன்னிரண்டுக்குத்தான் என்றார்கள். அதுவரை வீட்டில் இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்ததாம், மூன்று பேரைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். லோடு ஏற்ற வந்த லாரிக்காரர் சொன்னது அவ்வளவுதான்; பேர் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. என் தம்பி செல்லையாவுக்கு அந்தக் கம்பெனியில்தான் மருந்து கலக்கும் வேலை.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் மிளகாய் மண்டியில் தரம் பார்ப்பவர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். அதன் பழுதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அன்று காலையிலும் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, தொய்ந்த சங்கிலியை இறுக்கியிருந்தார்.

நான் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மைல் தாண்டியதும் வண்டி ஓரமாக இழுத்தது. "ஆடாம உக்காரு" என்றார். நான் அசையவே இல்லை. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. வண்டியிலிருந்துதான் என்று தெரிந்தும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். செல்லையாவை நினைக்கக் கூடாதென்று தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரோட்டோர மண்ணில் இறங்கும்போதெல்லாம் எங்கள் தடம் ஒரு கோடாக விழாமல், இரண்டு கோடாக விழுந்தது.

பதினொன்றே கால். ஆமத்தூரில் வண்டி திணறி நின்றுவிட்டது. எதிரே சைக்கிள் கடை. கடைக்காரர் பின்சக்கரத்தின் நடுவில் விரல் வைத்துச் சட்டென்று எடுத்தார்; அப்படிக் கொதித்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்.

"ஊத்தாதீக அண்ணாச்சி! சூட்டோட ஊத்துனா விரிசல் விட்டுரும்" என்றவர், என்னைப் பார்த்தார். "அக்கா ஒருச்சாஞ்சு உக்காந்து வாராக. இழுக்காம என்ன செய்யும்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, மண்டிக்கு வந்து போகிற ஒருவர், "எதிர்ப்பக்கம் ஒரு மூடை மொளகா வத்தலக் கட்டுங்கப்பா, சரியாப் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்காரரும், "நீ பஸ்ஸுல வந்துரு" என்றார்.

நாலு பேர் முன் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஆனால் அந்த பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. முந்தானை நுனியைப் பார்த்தபடி அவரிடம் சொன்னேன்.

"ஏங்க, நா உக்கார்றதால இல்ல. மண்ணுல தடம் ரெண்டா விழுது. காலையில சங்கிலி இறுக்குனீகள்ல, அதுல இருந்துதான்."

கடைக்காரர் ஒரு நூல்கயிற்றை இரண்டு சக்கரத்தையும் ஒட்டி இழுத்துப் பிடித்தார்.

"அட, ஆமா! பின்சக்கரம் கோணிக்கிட்டுல்ல நிக்கி! வலப்பக்கத் திருக ஒண்ணரைச் சுத்து கூட இறுக்கியிருக்கீக. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தா பிரேக் கம்பியத் தளத்தணும். அதச் செய்யல. நீங்க மிதிக்காமலே பிரேக்கு புடிச்சுக்கிட்டு வந்திருக்கு."

"மண்டியில வத்தல் பாக்கிற கண்ணு வண்டிக்கு ஆகலையே" என்றார் டீ குடித்தவர். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சூடு ஆற அரைமணி நேரம். நான் ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கடைக்காரர் சக்கரத்தை நேராக்கி, கம்பியைத் தளர்த்தி, கையால் சுற்றிவிட்டார்; தங்குதடையில்லாமல் சுழன்றது. கூலி எட்டணா.

பன்னிரண்டரைக்குச் சிவகாசி. வழியில் மற்றக் கம்பெனிகளில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. தீபாவளி சீசன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது கட்டிலில் செல்லையா கிடந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு.

"வந்துட்டியாக்கா? எம்புட்டு நேரமா தண்ணி கேக்கேன்" என்றான்.

உயிருக்குப் பயமில்லை, விரல்களைப் பற்றிப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் நர்ஸம்மா.

நாலு மணிக்கு வீட்டுக்காரர், "கிளம்பு, வெளிச்சத்தோட போயிருவோம்" என்றார்.

"நா வரலைங்க."

அவர் என்னையும் அந்தக் கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்துச் சேலை இல்லையே?"

"நாளைக்குக் கொண்டாங்க."

விருதுநகரில் அந்நேரம் வத்தல் நெடியில் இருமிக்கொண்டு அடுப்புப் பற்றவைப்பேன். இங்கே அடுப்பில்லை, எனக்கென்று பாயுமில்லை. காலையிலிருந்து ஓரிடத்தில் தரிக்காத உடம்பு, கட்டிலோர முக்காலியில்தான் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கஞ்சியை ஊதினேன். செல்லையா வாயைத் திறந்தான்.